தாத்தா தொட்ட லிபரேட்டர் 1/72: வால் தரையில உக்காருது, கண்ணாடி வெளுத்துப் போச்சு, யாராவது வழி சொல்லுங்க

காட்பாடி_பாசஞ்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி. இதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் மாடல் கிட்ல ரெண்டு ஸ்பிட்ஃபயரும் ஒரு ஜீப்பும்தான் பண்ணிருக்கேன், இப்ப தெரியாத்தனமா 1/72ல, அதாவது நெஜத்துல எழுவத்திரெண்டுல ஒரு பங்கு அளவுல, பி-24 லிபரேட்டர் பாம்பர் பொட்டிய ஒடச்சுட்டு முழிச்சிட்டிருக்கேன். ஏன்டா நாலு எஞ்சினுக்குப் போனேன்னு கேப்பீங்க. எங்க தாத்தா பெங்களூர் எச்.ஏ.எல் விமான ஃபேக்டரில ஃபிட்டரா இருந்தவரு, சனிக்கிழமை வேலை முடிச்சு ரயில் புடிச்சு காட்பாடி வந்து எறங்குவாராம். வெள்ளைக்காரன் ஒடச்சுப் போட்டுட்டுப் போன பாம்பர நாங்கதான்டா ஒட்டவச்சு பறக்க விட்டோம்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. சின்ன வயசுல சும்மா கதை உடறாருன்னு நெனச்சேன், அப்புறம் படிச்சா அத்தனையும் நெஜம். அதனால அந்த லிபரேட்டர்ல ஒண்ணு செஞ்சு அவரு போட்டோ பக்கத்துல வைக்கணும், பாட்டி கண்ணு நல்லா தெரியும்போதே.

இப்ப பிரச்சனைக்கு வரேன். பாடிய டேப் போட்டு சேத்து நிறுத்திப் பாத்தா வால் பொத்துனு கீழ உக்காருது. மூக்குல வெயிட் போடுன்னு பேப்பர்ல போட்டிருக்கான் ஆனா மூக்குல எடம் எங்க இருக்கு, முன்னாடி டரட் (துப்பாக்கி வைக்கற கூண்டு), அதுக்குப் பின்னாடி சுத்தி ஜன்னல். அப்புறம் சைடு ஜன்னல சூப்பர் க்ளூ வச்சு ஒட்டினேன், காலைல பாத்தா கண்புரை விழுந்த மாதிரி வெள்ளை. சில்வர் அக்ரிலிக்க ஒரு பழைய எறக்கை மேல அடிச்சுப் பாத்தேன், நம்ம ஊரு வெயில் தெரியுமே, மதியம் மொட்டை மாடில அடிச்சது, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு வந்துச்சு. மச்சான் ராணிப்பேட்டைல தோல் ஃபினிஷிங் யூனிட்ல இருக்கான், எங்க தின்னர் கொண்டாறேன் மாமா, ஊத்துனா வழவழன்னு வரும்னு சொல்றான். ஊத்தலாமா?

இன்னொண்ணு, எந்த நாட்டு விமானம்னு காட்ட எறக்கைலயும் பாடிலயும் போடற வட்டம் இருக்கே, அதுல எத ஒட்டறது? கிட்ல அமெரிக்கா ஸ்டார்தான் இருக்கு.

கோட்டை_அகழி:

தம்பி மொதல்ல ஒண்ணு, நெஜ விமானமே அப்படித்தான், பின்னாடி ஆளுங்க கும்பலா ஏறிட்டா வால் எறங்கிடும், அதுக்குன்னே அடில ஒரு வால் கட்டை உண்டு. அதனால வெக்கப்படாத.

எடம் நெறைய இருக்கு, நீ மூக்க மட்டும் பாக்குற. பைலட் தரைக்கு அடில, முன் சக்கரம் மடங்கற பள்ளத்துக்கு ரெண்டு பக்கம், அப்புறம் நாலு எஞ்சினுக்கும் பின்னாடி இருக்கற கூடு. பெரிய சக்கரத்துக்கு முன்னாடி எது இருந்தாலும் கணக்குல வரும், ஆனா தராசு மாதிரிதான், நுனிக்குப் போகப் போக கொஞ்ச வெயிட்டே நெறைய வேலை செய்யும், எஞ்சின் கூட்டுல போட்டா அதே வேலைக்கு மூணு பங்கு போடணும். ஒட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் டேப் போட்டு சேத்து பெரிய சக்கரம் வர்ற எடத்துல அடில ஒரு பென்சில் குடுத்து நிறுத்து, மூக்கு மேல ஈயத்த ஒண்ணொண்ணா வை, மூக்கு எறங்குச்சா, அதுக்கு மேல இன்னும் பத்து கிராம் சேத்துக்கோ, ஏன்னா பெயிண்டும் பின் டரட்டும் அப்புறம் வந்து ஏறும். வாலு பக்கம் ரெண்டு துடுப்பு நிக்குதே, அத மறந்துட்டு அளந்து நான் ஒரு தடவ அசிங்கப்பட்டேன்.

ஈயத்துக்கு மீன் தூண்டில்ல கட்டற குண்டு போதும். ஆனா தயவுசெஞ்சு ஃபெவிகால் போட்டு ஒட்டாத!! வெள்ளைப் பசையும் ஈயமும் சேந்தா வருஷக்கணக்குல மெதுவா வெள்ளையா பூத்து ஊதும், உள்ள இருந்தே பாடிய பொளந்துடும். எபாக்ஸி போடு, ரெண்டு டியூப் கலக்கறது.

வேடிக்கை என்னன்னா கண்ணாடிக்கு அதே ஃபெவிகால்தான் சாமி. சூப்பர் க்ளூ ஆவி போயி படிஞ்சுதான் உனக்கு வெளுத்திருக்கு. அது மேலாப்ல இருக்கற படிவுதான், ஜன்னல நெம்பி எடுத்து 2000 நம்பர் உப்புத்தாள தண்ணில நனச்சு லேசா தேய், அப்புறம் வெள்ளை டூத்பேஸ்ட் துணில தொட்டு பொறுமையா பாலீஷ் போடு. திரும்பி வரும்.

ரெண்டாவது_ஷிப்ட்:

நான் ராணிப்பேட்டைல அந்த ஸ்ப்ரே லைன்லயே பதினெட்டு வருஷம். மச்சான் சொல்றத கேக்காதீங்க அண்ணா 🙏 தோலுக்கு மேல அடிக்கற லாக்கர் தின்னர் காரம் ஜாஸ்தி, தோல் தாங்கும், உங்க பிளாஸ்டிக் தாங்காது, பாலிஸ்டைரின் அப்படியே கொழகொழன்னு ஆகி பேனல் கோடெல்லாம் கரஞ்சுடும். நான் ஒரு தடவ தெர்மாகோல் கப்புல அந்த தின்னர ஊத்திட்டு கப்பு எங்கன்னு தேடினேன், அவ்ளோதான் சொல்லுவேன்.

ஆனா உங்க சொரசொரப்பு எங்களுக்கு தெனம் பாக்கற சமாச்சாரம். பெயிண்டு துப்பாக்கில இருந்து கெளம்பி போய் சேர்றதுக்குள்ள காத்துலயே காஞ்சு தூளா விழுது, அதான் மேட்டர். சித்திரை வைகாசில நாங்க என்ன பண்ணுவோம்னா மெதுவா காயற கரைப்பான் கொஞ்சம் சேப்போம். உங்க அக்ரிலிக்குக்கு ரிடார்டர்னு தனியா விக்கறாங்க, சொட்டு கணக்குல விடுங்க, ஜாஸ்தியானா ரெண்டு நாளைக்கு பிசுபிசுக்கும். கூட ரெண்டு விஷயம், காலைல அஞ்சரை மணிக்கு அடிங்க, துப்பாக்கிய இன்னும் கிட்ட புடிங்க. மொட்டை மாடி வேணாம், காத்துல தூசி வேற. ஐப்பசி கார்த்திகைல இதுக்கு தலைகீழா வரும், லாக்கர் அடிச்சா ஈரம் புடிச்சு பால் ஊத்தின மாதிரி வெளுக்கும், அப்ப அடிக்கவே அடிக்காதீங்க.

சில்வருக்கு அடில பளபளன்னு கறுப்பு போடுங்க. கறுப்புல ஒரு கீறல் இருந்தாலும் சில்வர் காட்டிக் குடுத்துடும், எங்க ஷூ அப்பர் மாதிரியேதான்.

ராஜாளி_சத்தம்:

அரக்கோணத்துக்காரன் வந்துட்டேன். நேவியோட டியு-142 விமானம் தலைக்கு மேல போகும்போது வீட்டுல டம்ளர் ஆடும், 2017 மார்ச்ல அத ரிடையர் பண்ணதுல இருந்து ஊரு அமைதியாகி போரடிக்குது, இப்ப வர்ற பி-8ஐ சத்தமே இல்லாத புள்ள.

சரி வட்டம். இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். உங்க தாத்தா கதை எப்படின்னா, லெண்ட் லீஸ்ல, அதாவது சண்டைக்காக கடனா, அமெரிக்கா குடுத்த விமானம், சண்டை முடிஞ்சதும் இன்னொருத்தன் பறக்க விடக்கூடாதுன்னு ராயல் ஏர்ஃபோர்ஸ்காரங்க கான்பூர்ல வச்சு நாசம் பண்ணாங்க. அந்தக் குப்பைல இருந்து தேத்தி கான்பூர்ல இருந்து பெங்களூருக்கு பறக்க வச்சே கொண்டு வந்தாங்க, எச்.ஏ.எல் நாப்பது சொச்சம் விமானத்த சரி பண்ணிச்சு. 1948 நவம்பர்ல 5வது ஸ்குவாட்ரன் இத வச்சுதான் ஆரம்பிச்சாங்க. அந்த நேரத்து வட்டம் மூவர்ணம் கெடையாது! வெள்ளைல நீல அசோக சக்கரம். காவி வெள்ளை பச்சை வட்டம் 1950 ஜனவரி 26க்கு அப்புறம்தான். அதனால தாத்தா எந்த வருஷம் அங்க இருந்தாருன்னு பாட்டிகிட்ட கேட்டுட்டு ஒட்டுங்க. அதுக்கும் முன்னாடி, பர்மா சண்டைல பறந்ததா காட்டணும்னா சிவப்பே இல்லாம நீலத்துல நீலம், ஜப்பான்காரன் சிவப்பு சூரியன்னு நெனச்சு நம்மாளே சுட்டுடுவான்னு எடுத்துட்டாங்க.

1968 வரைக்கும் நம்ம ஏர்ஃபோர்ஸ் ஓட்டிச்சு, இத்தனைக்கும் உலகத்துல பதினெட்டாயிரத்துக்கு மேல செஞ்ச விமானம், மத்த நாட்டுல எல்லாம் பாத்திரமா உருக்கிட்டான். இப்ப இங்கிலாந்து ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துல நிக்கறது நம்ம எச்இ 807 நம்பர் விமானம், அமெரிக்கா அரிசோனால பிமா மியூசியத்துல நிக்கறது எச்இ 877.

ஒரே ஒரு சில்வர் டப்பால மொத்தத்தையும் அடிச்சுடாதீங்க. அலாய் (உலோகக் கலவை) மாறுனா உலோகத்தோட சாயலும் மாறும், அதுவும் இது ஒண்ணுல இல்லாதத இன்னொண்ணுல கழட்டி போட்டு நிறுத்தின வண்டி. சில பேனல மட்டும் டேப் கட்டி அதே சில்வர்ல ஒரு சொட்டு கறுப்போ பிரவுனோ விட்டு அடிங்க.

சும்மா_பாத்தேன்:

இவ்ளோ எதுக்கு தல, ஒரு கேன் ஸ்ப்ரே வாங்கி அடிச்சுட்டு ஷோகேஸ்ல வச்சா பாட்டிக்கு தெரியவா போவுது

கோட்டை_அகழி:

@சும்மா_பாத்தேன் பாட்டிக்கு தெரியாது, அவனுக்கு தெரியும்ல.

காட்பாடி_பாசஞ்சர்:

பத்து நாளா ஆளக் காணோமேன்னு நெனச்சிருப்பீங்க. பென்சில் வச்சு பாத்தேன், 45 கிராம்ல மூக்கு எறங்குச்சு, 55 போட்டு எபாக்ஸி ஊத்தியாச்சு. ஜன்னல் ரெண்டு திரும்பி வந்துடுச்சு, ஒண்ணு தேய்க்கும்போது விரிசல் விட்டுச்சு, அத பொட்டித் தட்டு பிளாஸ்டிக்க வெட்டி போட்டேன். அஞ்சரை மணி டெக்னிக் வேலை செஞ்சுது, மச்சானுக்குத்தான் கோவம்.

பாட்டிகிட்ட கேட்டேன். கல்யாணம் 1949 தை மாசமாம், அப்பவே தாத்தா அங்க வேலைல இருந்தாராம். அப்ப சக்கரம்தான். டெக்கால் (தண்ணில ஊற வச்சு ஒட்டற ஸ்டிக்கர்) தனியா பிரிண்ட் போட சொல்லிருக்கேன். கடைசி டவுட்டு, குண்டு அறை கதவ தொறந்து காட்டலாமா, மூடிடலாமா?

ராஜாளி_சத்தம்:

தொறங்க. அது வெளிய தொங்கற கதவு இல்ல, கடை ஷட்டர் மாதிரி பாடி பக்கவாட்டுல சுருண்டு மேல ஏறிக்கும், அதனால தொறந்தா கதவே செய்ய வேணாம், வேலை மிச்சம். உள்ள நடுவுல ஒன்பது இஞ்ச் அகலத்துக்கு ஒரு நடைபாதை ஓடும், 1/72ல மூணு மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும், அது மேலதான் ஆளுங்க பின்னாடி போய் வந்தாங்க. ஃபிட்டர் வீட்டு மாடல்னா அது தெரியணும்.

ரெண்டாவது_ஷிப்ட்:

டெக்கால நம்ம போர் தண்ணில ஊற வைக்காதீங்க அண்ணா, காஞ்சா சில்வர் மேல உப்பு வட்டம் நிக்கும், எங்க பக்கத்து தண்ணிய பத்தி சொல்லவே வேணாம். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கோங்க. டெக்காலுக்கு முன்னாடி பளபளன்னு காயற கிளியர் வார்னிஷ் ஒரு கோட்டு, இல்லன்னா அடில காத்து மாட்டி பளபளன்னு தெரியும்.

காட்பாடி_பாசஞ்சர்:

பேட்டரி தண்ணி வாங்கியாச்சு. ஷட்டர் பக்கம் அறுக்க ஆரம்பிச்சேன், ஒரு பிளேடு போச்சு, வெரல் தப்பிச்சுது. போட்டோ ஞாயித்துக்கிழமை போடறேன்.