முற்றுநூலா, தொடர்வெளியீடா? மோனோகிராஃப், சீரியல் இரண்டுக்கும் ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

> மோனோகிராஃபுக்கு ‘ஒருபொருள் நூல்’, சீரியலுக்கு ‘தொடர்’ என்று வழக்கில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, மோனோகிராஃப், சீரியல் இரண்டும் நூலகப் பட்டியலில் வெளியீடுகளை வகைபிரிக்கும் பெயர்கள். நீங்கள் சொல்லும் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் நூலகப் பட்டியல் போட்டிருக்கிறேன். இரண்டுமே காலை வாரிவிட்டன.

நாகர்கோவில் பக்கம் நான் வேலைபார்க்கும் நூலகத்துக்குப் போன மாதம் ஒரு வீட்டிலிருந்து சணல் கயிறு போட்ட கட்டு ஒன்று வந்தது. ஒரே பள்ளியின் மலர்கள், ஏழு. ஆறு ஆண்டு மலர்கள். ஏழாவது நூற்றாண்டு மலர். ஆறின் அட்டையிலும் அதே கட்டடப் படம், கீழே ஆண்டு மட்டும் மாறுகிறது. பழைய இரண்டில், திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கிறது.

இதே பள்ளியின் வேறு சில மலர்கள் முன்பே எங்களிடம் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத் தனி நூல் என்று பதிந்து வைத்திருந்தோம். உள்ளே ‘ஆசிரியர்’ என்று அந்தந்த ஆண்டின் தலைமையாசிரியர் பெயர் இருந்ததால், நூலாசிரியர் என்ற இடத்தில் அதையே போட்டுவிட்டோம். பாடம் நடத்துபவர், எழுதியவர், தொகுத்தவர் மூவரும் நமக்கு ஆசிரியர்தானே! ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். “எங்க அப்பா படிக்கும்போது எழுதின பாட்டு ஸ்கூல் மலர்ல வந்திருக்கு, வருஷம் தெரியாது” என்றார். ஒரே வரிசையில் நிற்க வேண்டிய மலர்கள் நாலு அலமாரிகளில் சிதறிக் கிடந்தன. அரை நாள் தேடியும் கிடைக்காமல் அவரை வெறுங்கையோடு அனுப்பினோம். அந்த மலர் எங்களிடம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பட்டியல் விதியில் மோனோகிராஃப் என்பதற்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே பகுதியாக முடிந்ததோ, குறிப்பிட்ட சில பகுதிகளில் முடிப்பதாகத் திட்டமிட்டதோ, அதுதான் மோனோகிராஃப். நாகமையா 1906இல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த, திருவிதாங்கூர் நாட்டைப் பற்றிய விவரநூலான திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் நிலம், வரலாறு, சாதி, வரி என்று எல்லாவற்றையும் பேசுகிறது. ஆனால் அது மோனோகிராஃப். அந்த நூற்றாண்டு மலரும் அப்படியே. தென்னை வளர்ப்பை மட்டுமே பேசும் மாத இதழ் ஒன்று இருந்தால், பொருள் ஒன்றுதான், ஆனாலும் அது சீரியல். ‘ஒருபொருள்’ என்ற சொல் புதிதாக வருபவரை நேரே தவறான பக்கம் தள்ளிவிடுகிறது.

‘தொடர்’ என்பதிலும் சிக்கல்தான். தொடர்கதைக்கு முடிவு உண்டு, தொலைக்காட்சித் தொடருக்கும் என்றாவது ஒருநாள் உண்டு. சீரியலுக்கு இலக்கணமே முடிவு குறிக்கப்படாமல் வருவது. போதாததற்கு, ஒரு பொதுப் பெயரின் கீழ் தனித்தனி நூல்கள் வரிசையாக வரும் சீரிஸ் என்பதற்கும் நாம் ‘தொடர்’ என்றே எழுதுகிறோம். தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர் ஆர்க்கியாலஜிகல் சீரிஸின் பெயரில் ‘சீரிஸ்’ இருக்கிறது, ஆனால் தொகுதி எண், பகுதி எண்ணோடு அது வந்த முறை சீரியலுக்கு உரியது. இதைத் தமிழில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள், தொடர், தொடர் என்று நாக்கு சுற்றிக்கொள்ளும்.

அதனால் என் முன்மொழிவு: மோனோகிராஃப் – முற்றுநூல். சீரியல் – தொடர்வெளியீடு. சீரிஸ் – நூல்வரிசை.

முற்று நமக்குப் பள்ளியிலேயே பழகிய சொல். வினைமுற்றில் சொல் முடிந்து நிற்கிறது, முற்றுநூலில் வெளியீடு முடிந்து நிற்கிறது. மூன்று தொகுதியில் இரண்டுதான் வந்திருக்கிறது என்றாலும் முற்றும் நோக்கம் இருப்பதால் பெயர் பொருந்தும். இதற்கு இணையாக சீரியலை ‘எச்சவெளியீடு’ என்று சொல்லலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. இலக்கணப்படி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்சம் என்றதும் ஜன்னல் கம்பியில் உட்காரும் புறாதான் நினைவுக்கு வரும். யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

அப்புறம், ‘மலர்’. இதழ்களில் ‘மலர் 3, இதழ் 7’ என்றால் மலர் என்பது ஆண்டுத் தொகுதி. செந்தமிழ்ச் செல்வி என்ற இதழ் தொகுதி, இதழ் இரண்டையும் சிலம்பு, பரல் என்று சொன்னது. ஆண்டு மலர், நூற்றாண்டு மலர் என்னும்போது மலர் என்பது சிறப்பு வெளியீடு. ஆகவே தலைப்பில் மலர் இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. அடுத்த ஆண்டும் வரும் என்ற நோக்கில் எண்ணோ ஆண்டோ போட்டிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆண்டு மலர் தொடர்வெளியீடு, நூற்றாண்டு மலர் முற்றுநூல். நூலகப் பட்டியலைக் கணினியில் பதியும் வடிவமான மார்க் 21இல், பதிவின் முதல் வரியில் 07ஆம் இடத்தில் முன்னதற்கு எஸ், பின்னதற்கு எம். ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் அந்தப் பெரியவருக்குப் பாட்டு கிடைக்குமா என்பது அதில் இருக்கிறது.

கொல்லம் ஆண்டை அப்படியே விட்டுவிடாமல் ‘கொ.ஆ. 1101 (1925–26)’ என்று இரண்டையும் எழுதுங்கள். இங்கே ஆவணியில் ஆண்டு பிறக்கும், ஒரு ஆங்கில ஆண்டுக்குள் அடங்காது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பழைய தாளை உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகும் சட்டத் தொகுப்புகள், அவ்வப்போது மாறும் வலைத்தளங்கள் – பட்டியல் விதியின் 2002 திருத்தத்துக்குப் பிறகு இவற்றுக்கும் தனி இடம் உண்டு, மார்க்கில் ஐ என்ற எழுத்து. ‘புதுக்குவெளியீடு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள். அதற்குள் இந்த ஏழு மலர்களையும் சரியாகப் பதிந்துவிடுகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து