பெரியவர்களில் பிறவி உணவுக்குழாய் சுருக்கம்: உடனே பலூன் போடலாமா?

கேள்வி:
34 வயது ஆண். சிறு வயதிலிருந்தே கெட்டியான உணவு நெஞ்சில் சிக்கும், தண்ணீர் இறங்கிவிடும். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் நடுப்பகுதி வளையம் வளையமாகச் சுருங்கியிருக்கிறது. மெல்லிய ஸ்கோப் மட்டுமே இறங்கியது. பிறவிச் சுருக்கம் என்கிறார்கள். நேரே பலூன் விரிவாக்கம் செய்யலாமா?

பதில் 1:
முதலில் பயாப்ஸி, அதாவது உணவுக்குழாய்ச் சுவரிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துப் பார்க்கும் சோதனை. இயோசினோபில் (ஒரு வகை வெள்ளை அணு) சேர்ந்து வரும் அழற்சியும் இதே வளையங்களைத்தான் காட்டும், அதுவே பிறவிச் சுருக்கத்தைவிட அதிகம் காணப்படுவது. மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்குகள் எடுக்க வேண்டும்; பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் இடத்திலும் எடுங்கள். நுண்ணோக்கியில் ஒரு உயர்திறன் புலத்தில் (ஒரே பார்வையில் தெரியும் வட்டத்தில்) 15 இயோசினோபில்களோ அதற்கு மேலோ இருந்தால் அமிலம் குறைக்கும் மருந்து, விழுங்கும் ஸ்டீராய்டு, உணவுத் தவிர்ப்பு என்று வழியே மாறிவிடும்.

பதில் 2:
பயாப்ஸி சுத்தமாக வந்தால் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், அதாவது ஸ்கோப் வழியே உள்ளிருந்து சுவரின் அடுக்குகளைப் பார்க்கும் ஸ்கேன். பிறவிச் சுருக்கம் மூன்று வகை: மெல்லிய சவ்வு, தசைநார்த் தடிப்பு, சுவருக்குள் மூச்சுக்குழல் குருத்தெலும்பு எச்சம். முதல் இரண்டும் பெரும்பாலும் விரிவாக்கத்துக்கு இணங்கும். குருத்தெலும்பு பெரும்பாலும் இணங்காது, அழுத்தினால் பக்கத்துச் சுவர் கிழியலாம். அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

விரிக்கும்போது அவசரம் கூடவே கூடாது. விரிக்கும் கருவிக்குத் தடை தென்பட்ட பிறகு ஒரே அமர்வில் ஒவ்வொரு மில்லிமீட்டராக மூன்று படிகளுக்கு மேல் போகாமல் இருப்பது பழைய, நல்ல விதி. சில வார இடைவெளியில் திரும்பச் செய்து சுருங்கிய இடத்தின் உள் அகலம் 13 முதல் 15 மி.மீ. எட்டினால் கெட்டி உணவு ஓரளவு இறங்கும்.

பதில் 3:
விரித்தபின் லேசான நெஞ்சு வலி வரலாம். வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்ற உணர்வு இருந்தால் எதையும் குடிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம், சிடி எடுக்க வேண்டும்.