கேட்கும் பாடத்தில் தாளை முதலில் கொடுக்கலாமா? (கிரேட் 10 பிரெஞ்சு, மொரீசியஸ்)

வாக்வா_பிரெஞ்சு

வணக்கம். கிரேட் 10, 34 பிள்ளைகள், 35 நிமிட வகுப்பு. பாடத்துக்கு 1 நிமிடம் 20 விநாடி ஓடும் ஒரு வானொலிப் பேட்டி. நம் கொலேஜ்களில் (இடைநிலைப் பள்ளிகளில்) பலரும் செய்வது, பேட்டியின் எழுத்து வடிவத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டு ஒலியை ஓடவிடுவது. அது கேட்கும் பாடமே அல்ல, வாசிப்புக்குப் பின்னணி இசை என்பது என் கட்சி. கண் முந்திக்கொண்டு பொருளை எடுத்துவிடும், காதுக்கு வேலை மிஞ்சாது.

நான் சொல்லும் வரிசை இது. முதல் ஓட்டத்துக்கு முன் மூன்றே கேள்விகள்: எத்தனை பேர் பேசுகிறார்கள், எங்கே இருக்கிறார்கள், யாருக்குக் கோபம். பேனா மூடியிருக்கட்டும். இரண்டாவது ஓட்டத்தில் காதில் விழுந்த சொற்களை மட்டும் எழுதலாம். பிறகு இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது முறை முழுப் பேட்டியும் வேண்டாம். சிக்கலான 12 விநாடியை மட்டும் நான்கைந்து தடவை ஓடவிட்டு, அதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறம்தான் தாள். தாளில் மூன்று குறி: தெரியாத சொல்லுக்கு வட்டம், தெரிந்தும் காதில் விழாத சொல்லுக்கு அடிக்கோடு, தவறான இடத்தில் வெட்டி எழுதிய சொல்லுக்குக் குறுக்குக்கோடு. வட்டம் மலிந்திருந்தால் பதிவு அந்த வகுப்புக்குக் கடினம், வேறு பதிவு தேடுங்கள். அடிக்கோடு மலிந்திருந்தால் காதில் கோளாறு. இங்கே பெரும்பாலும் அடிக்கோடுதான்.

(எழுத்து பற்றி: பிரெஞ்சுச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். ரூ* என்றால் தெரு; நட்சத்திரம் போட்ட ஊ*, உதட்டைக் குவித்துச் சொல்லும் ஈ. நட்சத்திரம் இல்லாத ரூ என்றால் சக்கரம். ஃஜ என்பது ஆங்கில z ஒலி.)

லெசோன்_ரோஸ்ஹில்

சார், 12 விநாடியை ஐந்து தடவை ஓடவிட்டால் 10 பேர் எழுதுவார்கள், மீதி 24 பேர் மணி எப்போது அடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதுவும் கேட்கும் பயிற்சிதான், ஒத்துக்கொள்கிறேன்.

பின்தங்கிய பிள்ளைக்குத் தாள் இல்லாத ஒலி வெறும் இரைச்சல். எந்த ஒலி எந்தச் சொல் என்று பொருத்தத் தெரியாதவன் நூறு முறை கேட்டாலும் அதே இரைச்சல்தான் கேட்கும். அதனால் தாளை முதலில் கொடுங்கள், ஐந்து நிமிடம் படிக்கட்டும், கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு ஒலியைப் போடுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் காது தானாகப் பிடிக்கும்.

கூடவே வாரத்துக்கு ஒரு திக்தே (ஆசிரியர் வாசிக்கப் பிள்ளைகள் எழுதுவது). 70 சொல் போதும். ஒரு முறை முழுதாக, பிறகு துண்டு துண்டாக இரண்டு முறை, கடைசியில் மறுபடி முழுதாக. காதும் தீட்டப்படும், எழுத்துப் பிழையும் வெளியே வரும். இதற்கு ஸ்பீக்கர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

வாக்வா_பிரெஞ்சு

திக்தே வாசிப்பவர் ஆசிரியர். அவர் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்துத் துடைத்துத் தட்டில் வைக்கிறார். வானொலியில் அப்படி யார் பேசுகிறார்கள்? ‘ஜெ நெ சே பா’ என்று புத்தகத்தில் இருப்பது வாயிலிருந்து ‘ஷே பா’ என்று வருகிறது. நெ விழுந்துவிட்டது. ஜெ-யின் உயிரும் விழுந்து, மிஞ்சிய ஜ் பக்கத்திலிருந்த ஸ்-ஓடு கலந்து ஷ் ஆகிவிட்டது. ‘இல் நி யா பா’ என்பது ‘யா பா’, ‘து* ஆ’ என்பது ‘தா’. உங்கள் திக்தேயில் 40 வாரம் எழுதினாலும் இது ஒன்றுகூட வராது.

இதே காரணத்தால்தான் வேகத்தை 0.75-க்குக் குறைப்பதும் உதவாது. விழுந்த ஒலி மெதுவாக ஓட்டினால் எழுந்து வருமா? ‘ஷே பா’ இன்னும் நீளமான ‘ஷே பா’ ஆகும், அவ்வளவுதான். வேகத்தை அப்படியே விட்டு, ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை நிறுத்துங்கள். பிள்ளைக்குத் தேவை, கேட்டதை மனதில் அடுக்கிக்கொள்ள ஒரு இடைவெளி.

தாளைக் கவிழ்த்து வைப்பது பற்றி ஒரு சோதனை. தாளில் மூன்று சொற்களை மாற்றி அச்சடியுங்கள். ஒலியில் ‘தெஃஜேர்’ (இரண்டு மணி) என்று வந்தால் தாளில் ‘தூஃஜேர்’ (பன்னிரண்டு மணி) என்று போடுங்கள். எத்தனை பேர் கவனித்தார்கள் என்று பாருங்கள். கவனிக்காதவர்கள் படித்ததை நினைவுபடுத்திக்கொண்டு இருந்தார்கள், கேட்கவில்லை.

மோக்கா_தமிழாசிரியர்

இருவரும் தாளைப் பிடித்து இழுக்கிறீர்கள், வேர் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த நம் தீவு மொழி. பிரெஞ்சுச் சொல்லில் பாதிக்கு மேல் அவர்களுக்குப் பழகிய முகம். முகம் பழக்கமாக இருப்பதாலேயே காது உற்றுக் கேட்பதில்லை.

கிரியோலில் ஊ* இல்லை, அது இ ஆகிவிட்டது: தெரு ‘லாரி’, அரிசி ‘திரி’. ஷ போய் ஸ வந்தது: பூனை ‘ஸாத்’. ஜ போய் ஃஜ வந்தது: நாள் ‘ஃஜூர்’. ஆகவே பிரெஞ்சின் ‘ரூ*’ (தெரு), ‘ரீ’ (அரிசி) இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பில் ஒரு பகுதிக்குத் தெருவும் அரிசியும் ஒன்றாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ‘ஜெ ஃபினி’ என்றால் முடிக்கிறேன், ‘ஜே ஃபினி’ என்றால் முடித்துவிட்டேன். வித்தியாசம் ஒரே உயிர். கிரியோல் காதில் எ, ஏ இரண்டும் ஒரே பெட்டியில் விழும். ‘லெ லீவ்ர்’ ஒரு புத்தகம், ‘லே லீவ்ர்’ பல புத்தகம், இங்கேயும் அதே உயிர்தான் காவல். அதோடு பிரெஞ்சில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும் குட்டிச் சொல் (லெ, லா, லே போன்றவை) கிரியோலில் பெயரோடு ஒட்டிப் பிறந்துவிட்டது: பள்ளிக்கூடம் ‘லெகோல்’, தண்ணீர் ‘திலோ’, குழந்தை ‘ஃஜான்ஃபான்’. பன்மைக்கு முன்னால் ‘பான்’ என்று தனிச் சொல் போட்டால் போதும். பிரெஞ்சில் சொல்லுக்கு முன்னால் நிற்கும் அந்தக் குட்டிச் சொல்லைக் கேட்கும் பழக்கமே காதுக்கு வரவில்லை. காலம் தவறுகிறது, எண் தவறுகிறது, ஆசிரியர் இலக்கணம் போதவில்லை என்று இன்னொரு பயிற்சித் தாள் கொடுக்கிறார்.

மூக்கொலி உயிர்களுக்கு இங்கே ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க வேண்டாம். மூன்றும் கிரியோலில் இருக்கின்றன. வெளியூர்ப் புத்தகம் அதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தால் தாண்டிப் போங்கள்.

பயிற்சி மூன்று நிமிடம்தான். பத்து இணைச்சொற்கள். ஆசிரியர் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்ல, முதல் சொல் என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு விரல். 34 கையும் ஒரே நேரத்தில் உயர வேண்டும், அடுத்தவரைப் பார்த்துத் தூக்க இடம் கொடுக்காதீர்கள். வாயை மறைக்காவிட்டால் உதட்டைப் பார்த்தே பத்துக்குப் பத்து வாங்கிவிடுவார்கள். பத்தில் எட்டு வரும்வரை உச்சரிக்கச் சொல்லாதீர்கள்.

உச்சரிக்கும்போது: ‘ஈ’ என்று மூன்று விநாடி இழுக்கட்டும், நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்புறத்தைத் தொட்டபடியே இருக்கட்டும், உதட்டை மட்டும் மெல்லக் குவிக்கட்டும். ஊ* வந்துவிடும். வெறும் ஊ வந்தால் நாக்கு பின்னால் நழுவிவிட்டது. ‘ஜெ’, ‘லெ’ இவற்றுக்கும் உதடு லேசாகக் குவிய வேண்டும், ‘ஜே’, ‘லே’ என்றால் உதடு விரியும். தமிழ் படித்த பிள்ளைக்கு இதழ் குவிதல் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் உ, ஊ, ஒ, ஓ எல்லாவற்றிலும் உதடு குவியும்போது நாக்கும் கூடவே பின்னால் போகிறது. இரண்டையும் பிரிப்பதுதான் வேலை.

கத்ர்போர்ன்_அம்மா

ஐயா சொல்றது எல்லாம் சரி, ஆனா கிரியோலை வகுப்புக்குள்ள கொண்டுவந்து ஒப்பிட்டுக்கிட்டே இருந்தா பிள்ளை பிரெஞ்சு எப்ப பேசும்? பெத்தவங்க கேக்கறது ஒண்ணுதான். பிரெஞ்சு வகுப்புல கிரியோல் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போடுங்க. வீட்லயும் பிரெஞ்சு டிவி மட்டும்னு நாங்க பாத்துக்கறோம். 2012ல தொடக்கப் பள்ளியில கிரியோலையே பாடமா வச்சாச்சு, இனி இங்கயும் அதுதானா?

சேன்தெனி_974

அக்கா, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடற்கரைப் பக்கக் கிரியோலிலும் தெரு ‘லாரி’தான். மலைப்பக்கக் கிரியோலில் ஊ*, ஷ இரண்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன, அது தனிக் கதை. இங்கே பள்ளி பெரும்பாலும் பிரெஞ்சில்தான். அப்படியிருந்தும் தடை போட்ட வகுப்பில் கிடைப்பது நல்ல பிரெஞ்சு அல்ல, மௌனம். பக்கலோரியாவில் (பிரான்சின் பள்ளி இறுதித் தேர்வு) 2021-இலிருந்து கிரான்த் ஓரால் என்று ஒரு வாய்மொழித் தேர்வு இருக்கிறது: 20 நிமிடத் தயாரிப்பு, 20 நிமிடம் நடுவர்முன். ஒரு சொல் கிரியோலாக விழுந்துவிடுமோ என்று பயப்படும் பிள்ளை அதில் முக்கால் வாக்கியத்திலேயே நின்றுவிடும்.

டிவி பற்றி: கதை புரிந்தால் மூளை அதோடு திருப்திப்பட்டுவிடும். படம் பார்த்தே கதை புரிகிறது. இரண்டு மணி நேர டிவியைவிட, எழுத்து வடிவத்தோடு வரும் எர்எஃப்இ (பிரான்ஸ் சர்வதேச வானொலி) எளிய பிரெஞ்சுச் செய்தி, நாள்தோறும் 10 நிமிடம் வருவது, அதில் ஒரே ஒரு செய்தியை மூன்று தடவை கேட்பது மேல்.

மோக்கா_தமிழாசிரியர்

தடை பற்றி இன்னொன்று. உதட்டைக் குவித்து ஊ* சொல்லும் பையனைப் பக்கத்துப் பெஞ்சு ‘கிரான் நுவார் காட்டுகிறான்’ (பெரிய ஆள் வேஷம் போடுகிறான்) என்று கேலி செய்யும். பதினைந்து வயதில் அந்தப் பட்டத்தைச் சுமப்பதைவிட ‘லாரி’ என்றே சொல்லிவிடலாம் என்று தோன்றும். எல்லோரும் ஒரே நேரத்தில், கோரஸாக, கொஞ்சம் மிகையாகவே உதட்டைக் குவித்தால் கேலிக்கு ஆள் கிடைக்காது.

லெசோன்_ரோஸ்ஹில்

சரி, பேசுவதற்கு வருவோம். 34 பேர், 35 நிமிடம். வருகைப் பதிவுக்கு ஐந்து நிமிடம் போனால் தலைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால்தான் மாதிரிப் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். டெல்ஃப் பே-1 (பிரெஞ்சு மொழித் திறன் சான்றிதழ்த் தேர்வு) எழுதுகிற பிள்ளைகளைப் பாருங்கள்: நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 வந்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. மற்ற மூன்றிலும் முழுசாக 75 எடுத்தாலும் பேச்சில் 4 வந்தால் போச்சு. மனப்பாடம் அந்த 5-ஐக் காப்பாற்றும்.

வாக்வா_பிரெஞ்சு

5-ஐக் காப்பாற்றும், 15-ஐக் கொண்டுவராது. அந்தத் தேர்விலேயே மூன்று கட்டம் இருக்கிறது. தன்னைப் பற்றிய உரையாடல் இரண்டு மூன்று நிமிடம், இதற்கு உங்கள் மனப்பாடம் செல்லும். அடுத்தது தேர்வாளரோடு ஒரு சூழலை நடித்துக் காட்டுவது, மூன்று நான்கு நிமிடம். கடைசியில் ஒரு சிறு கட்டுரையைப் பார்த்துக் கருத்துச் சொல்வது, ஐந்து முதல் ஏழு நிமிடம். 10 நிமிடத் தயாரிப்பு கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான். நடுக்கட்டத்தில் தேர்வாளர் ‘முடியாது, பணத்தைத் திருப்பித் தர மாட்டேன்’ என்று சொன்னதும் மனப்பாடம் முடிந்துவிடும்.

தலைக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு, ஒருவர் பேச 33 பேர் கேட்பதால் வருகிறது. இரண்டு வரிசை எதிரெதிராக நிற்கட்டும், 17 பேர் ஒரே நேரத்தில் பேசட்டும். ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் 2 நிமிடம், ஒரு இடம் நகர்ந்து அடுத்தவரிடம் ஒன்றரை நிமிடம், மூன்றாமவரிடம் 1 நிமிடம். பிறகு எதிர் வரிசையின் முறை. எல்லாம் சேர்த்து 12 நிமிடத்துக்குள் முடியும். நேரம் குறையக் குறையத் தயக்கம் உதிர்ந்து சொற்கள் நெருங்கி வரும். மூன்றாவது சுற்றிலும் முதல் சுற்றின் வேகமே இருந்தால் தலைப்பு கடினம்.

லெசோன்_ரோஸ்ஹில்

17 ஜோடி, 17-ம் இரண்டாவது நிமிடத்தில் கிரியோலுக்குத் தாவும்.

வாக்வா_பிரெஞ்சு

‘உன் விடுமுறை எப்படி’ என்று கேட்டால் தாவத்தான் செய்யும். இருவருக்கும் பதில் ஏற்கெனவே தெரியும், பிரெஞ்சில் சொல்ல என்ன அவசியம்? ஒருவன் கையில் ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் போகும் பஸ் நேரம், மற்றவன் கையில் மூன்று வேலை: 9 மணிக்குப் பல் டாக்டர், 11-க்கு வங்கி, 2-க்குள் வீடு. தாளைக் காட்டக் கூடாது. கேட்டால்தான் கிடைக்கும். மேலே கேட்ட ‘தெஃஜேர்’, ‘தூஃஜேர்’ இங்கே தானாக வந்து நிற்கும், தப்பாகக் கேட்டவன் பஸ்ஸை விடுவான்.

தாவுவதற்கு இன்னொரு காரணம், சொல் தேடும் விநாடியை நிரப்பப் பிரெஞ்சில் எதுவும் கையில் இல்லாதது. தமிழில் ‘அது வந்து...’ என்று இழுப்போமே, அதற்கு ஈடாக ‘பென்’, ‘ஆன்ஃபேன்’, ‘அதான், ஜெ ஷெர்ஷ் மொன் மோ’ (இரு, சொல்லைத் தேடுகிறேன்) என்ற மூன்றையும் பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். சுற்றிவந்து மூன்று பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி நான்கு நிமிடத்தில் யாருடையது என்று சொல்லாமல் பலகையில் போடுங்கள். ‘ஜே கான்யே லா ஃபியேவ்ர்’ எல்லா வகுப்பிலும் வரும், கிரியோலின் ‘கான்ய்’ (கிடைப்பது, வருவது) அப்படியே நுழைவது; பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வெல்வது என்று பொருள். பிரெஞ்சில் காய்ச்சலை யாரும் வெல்வதில்லை.

லெசோன்_ரோஸ்ஹில்

பஸ் தாளை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சோதனையை நான் பயிற்சியாக மாற்றிக்கொள்கிறேன்: எட்டுச் சொல் மாற்றப்பட்ட தாளை முதலில் கொடுத்து, ஒலியைக் கேட்டுத் திருத்தச் சொல்வது. மாற்றும் சொற்களில் நான்கு ஜெ-ஜே, லெ-லே ஆக இருக்கட்டும். தாளும் கையில் இருக்கும், காதுக்கும் வேலை. தாள் முதலில்தான் என்ற என் கட்சி மாறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வாக்வா_பிரெஞ்சு

பொய் சொல்லும் தாள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சேன்தெனி_974

ஒலிபெருக்கியை யாரும் கேட்கவில்லை. ஸ, ஷ வேறுபாடு உயர் அதிர்வெண்ணில் இருக்கிறது. பழைய வகைத் தொலைபேசி உரையாடலைப் பதிந்து போட்டால் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக எதுவும் இருக்காது, ஸ மங்கிவிடும். மேசைமேல் போனை வைத்து ஓடவிட்டால் கடைசி இரண்டு வரிசைக்கு எதிரொலிதான் போகும். சிறிய ஸ்பீக்கராக இருந்தாலும் வகுப்பின் நடுவில், உட்கார்ந்த பிள்ளையின் காது உயரத்தில் வையுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து நீங்களே ஒரு முறை ‘ஷோ’, ‘ஸோ’ இரண்டையும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே பிரியவில்லை என்றால் பிள்ளையின் தாளில் அடிக்கோடு போடாதீர்கள்.