பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு: “அறிவியல் எடுத்தால் எல்லா வழியும் திறந்திருக்கும்” என்பது சரிதானா?

பொங்கோல்வாசி எழுதியது:

வணக்கம். என் மகள் இங்கே சிங்கப்பூரில் ஓர் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவத்தைப் பள்ளி கொடுத்துவிட்டது. பொருளியல், வரலாறு, அரசியல் அறிவியல் ஆகியவற்றைப் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். மாதத்திற்கு இரண்டு முறை சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் ஏலம் முடிந்ததும் விலைகளை ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு, ஒதுக்கீடு கூடிய பிறகும் விலை ஏன் இறங்கவில்லை என்று அப்பாவிடம் வாதாடும் பெண் அவள்; வேதியியல் புத்தகத்தைத் திறந்தாலோ முகம் சுண்டிவிடும். அவள் அப்பா, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எடுத்துவிட்டால் பிற்பாடு எந்தப் பக்கமும் திரும்பலாம், கலைப் பிரிவில் சேர்ந்தால் திரும்பவே முடியாது என்கிறார். நாங்கள் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறோம். கல்லூரிக்கு அவளை இந்தியாவுக்கு அனுப்புவதாகத்தான் எண்ணம். இந்த வழியில் சென்று வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டம் படிக்கக் ‘கிளாட்’ தேர்வை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம், சிஏவுக்கும் அப்படியே, குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். ஆனால் பொறியியலும் மருத்துவமும் அப்படியல்ல. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது என்றாலும், அங்கே பார்க்கும் 200 மதிப்பெண் கட் ஆஃப் முழுவதும் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற கணக்கில்தான் வருகிறது. அறிவியலிலிருந்து கலைக்கு வருவது எளிது, கலையிலிருந்து அறிவியலுக்குப் போவது ஏறக்குறைய முடியாத காரியம் என்னும்போது, பதினைந்து வயதில் தோன்றும் ஒரு விருப்பத்தை நம்பி ஏன் ஒருவழிப் பாதையில் இறங்க வேண்டும்?

அவள் படித்து முடித்து மீண்டும் சிங்கப்பூருக்கே வேலைக்கு வர விரும்பினால், எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள கம்பாஸ் புள்ளி முறையையும் நினைவில் கொள்ளுங்கள். மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகப் பட்டத்திற்கு 20 புள்ளி, மற்றப் பட்டங்களுக்கு 10 புள்ளி. தேர்ச்சிக்கு வேண்டியது 40.

சிராங்கூன் கணக்காளர் எழுதியது:

கம்பாஸ் பார்ப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்பதை. பதினொன்றாம் வகுப்பில் என்ன பிரிவு என்பதை அன்று. அதை இங்கே இழுப்பது, மன்னிக்கவும், சற்றுப் பயமுறுத்தலாகவே தோன்றுகிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். “எல்லா வழியும் திறந்திருக்கும்” என்பது விண்ணப்பிக்கும் தகுதியைப் பற்றிய பேச்சே தவிர, இடம் கிடைப்பதைப் பற்றிய பேச்சு அன்று. 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். அதே ஆண்டில் ஐஐடிகள் அனைத்திலும் சேர்த்து 18,000க்கும் குறைவான இடங்கள். அவற்றுக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக்குத் தகுதி பெறுவோர் மட்டும் இரண்டரை லட்சம் பேர். இந்தக் கூட்டத்தில் முந்துபவர்கள் வேதியியலைச் சகித்துக்கொண்டு படித்தவர்கள் அல்லர். உங்கள் மகள் நான்கு கனமான பாடங்களோடு வார இறுதி முழுவதும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, எதிலும் முன்னணிக்கு வராமல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தால், பெயரளவுக்குத் திறந்திருக்கும் அந்த வழிகளால் என்ன பயன்? மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022 முதல் சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் இளங்கலைச் சேர்க்கை. அதில் வரலாறும் அரசியல் அறிவியலும் எழுத வேண்டியவள் இரண்டு ஆண்டுகள் அவற்றைத் தொடாமல் இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் ஊறிப் படித்தவர்களோடு எப்படிப் போட்டியிடுவாள்?

திரும்ப முடியாது என்பதும் முன்பு இருந்த அளவுக்கு உண்மையில்லை. உயிரியல் படிக்காமல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதி நீட்டுக்குத் தகுதி பெறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பிஎஸ் பட்டத்துக்கு ஜேஇஇ தேவையில்லை. எந்தப் பிரிவில் படித்தவரும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், அதன் தகுதித் தேர்வை எழுதிச் சேரலாம்.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

கணக்காளர் ஐயா பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டார். அந்த 2023 அறிவிப்பால் பயனடைவது இயற்பியலும் வேதியியலும் ஏற்கெனவே படித்து, உயிரியல் ஒன்றை மட்டும் விட்டவர்கள். வரலாறு படித்த பிள்ளை மூன்று பாடங்களையும் புதிதாக எழுத வேண்டும்; எத்தனை பேரால் முடியும்? சென்னை ஐஐடியின் பிஎஸ் நல்ல படிப்புதான். ஆனால் அது தரவு அறிவியல் பட்டம். கட்டுமானப் பொறியாளராகவோ மின் பொறியாளராகவோ அது ஆக்கிவிடாது.

வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கென்றே உள்ள ஒரு சலுகையையும் யாரும் குறிப்பிடவில்லை. டாசா என்ற சேர்க்கைத் திட்டத்தின் வழியாக, என்ஐடிகள் எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் தனி இடங்கள் இருக்கின்றன. ஜேஇஇ மெயின் தரவரிசைதான் கணக்கு என்றாலும், போட்டி நாட்டளவில் இருக்கும் போட்டியைவிடக் குறைவு. கட்டணம் மட்டும் அமெரிக்க டாலரில். நீட் எழுதவும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. 2022இலேயே சிங்கப்பூரில் தேர்வு மையம் இருந்தது. இவ்வளவையும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுத் துறப்பதற்கு முன், ஒரு நடுவழியாவது யோசியுங்கள்: ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம், ஐந்தாவது பாடமாகப் பொருளியல். உயிரியலை விட்டுவிடலாம்.

தேக்கா தம்பி எழுதியது:

நான் இங்கேயே பிறந்து உள்ளூர்ப் பள்ளியில் படித்தவன். 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேரும் மாணவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளே இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று தம் ஆற்றலுக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். இந்த நாடு கைவிட்ட ஒரு வகைப்படுத்தலை, இதே ஊரில் இருந்துகொண்டு நீங்கள் உங்கள் பிள்ளைகள் மீது சுமத்துவதைப் பார்க்க வியப்பாக இருக்கிறது, அண்ணன்.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

தம்பி, அது ஆற்றலின் அடிப்படையில் பிள்ளைகளைப் பிரித்த முறை. நாங்கள் பேசுவது பாடத் தேர்வைப் பற்றி. தொடக்கக்கல்லூரி வழியாக என்யுஎஸ் எனப்படும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க, ஏ நிலைத் தேர்வில் எச்2 நிலை வேதியியல் கட்டாயம். அதோடு உயிரியல் அல்லது இயற்பியல் வேண்டும். பாடத்தை விட்டால் வழி அடைபடுவது எந்த ஊரிலும் உண்டு.

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில், இந்த விவாதத்தில் இதுவரை பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். சிபிஎஸ்இ விதிகளில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பாகுபாடு கிடையாது. ஒரு மொழி, நான்கு விருப்பப் பாடங்கள், விரும்பினால் ஆறாவதாக ஒன்று, அவ்வளவே. வரலாற்றோடு கணிதமும் இயற்பியலும் எடுப்பதற்கு வாரியம் தடை சொல்வதில்லை. ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, நேர அட்டவணை ஆகியவற்றைப் பார்த்துப் பாடங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்துவைப்பது பள்ளிதான். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலைக்கும் அறிவியலுக்கும் இடையே இறுகிய பிரிவினை கூடாது என்றே சொல்கிறது. ஆகவே படிவத்தில் அச்சடித்திருக்கும் மூன்று கட்டங்களோடு நின்றுவிடாமல், பள்ளியிடம் கேட்டுப் பாருங்கள்.

என்ன கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இந்தப் பெண்ணின் விருப்பம் பொருளியல் என்றால், அவளுடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போகும் பாடம் வேதியியல் அன்று, கணிதம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் படிக்கச் சியூஇடியில் கணிதத் தாள் எழுதியாக வேண்டும். “கலைப் பிரிவுதானே” என்று கணிதத்தை உதறிவிட்டு வந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் இந்த விதியைப் பார்த்துத் திகைத்த மாணவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பொறியாளர் ஐயா வழிகள் அடைபடுவதைப் பற்றி அஞ்சுவது சரிதான். ஆனால் பெரும்பாலான வழிகளை அடைப்பது கணிதத்தை விடுவதே ஒழிய, வேதியியலை விடுவது அன்று.

அடுத்து, பத்தாம் வகுப்பில் அவள் எழுதுவது கணிதத்தின் இரண்டு நிலைகளில் கடினமான ஸ்டாண்டர்டா, எளிதான பேசிக்கா என்று பாருங்கள். பேசிக் எழுதியவர்களுக்குப் பதினொன்றாம் வகுப்பில் முழுக் கணிதம் கொடுப்பதில்லை என்பது பொது விதி; சில ஆண்டுகளில் விலக்கு அளித்திருக்கிறார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம். மேல்நிலையிலும் இரண்டு கணிதங்கள் உண்டு: 041 என்பது முழுக் கணிதம், 241 என்பது அப்ளைடு மேத்ஸ். பின்னது வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் செல்வோருக்காக வாரியமே வகுத்தது. பொறியியல் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் அதை எடுக்கக் கூடாது.

சிராங்கூன் கணக்காளர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பொறியாளர் சொன்ன நடுவழியை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த ஐந்தில் வரலாறும் இல்லை, அரசியல் அறிவியலும் இல்லை. அவள் வேண்டாம் என்ற வேதியியல் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவள் கேட்ட மூன்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்கு நடுவழி என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

பொங்கோல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மகள் எழுதுவது ஸ்டாண்டர்ட் கணிதம்தான். ஆசிரியை அம்மா சொன்னபடி பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் பேசினேன். கலைப் பிரிவு நேர அட்டவணையில் அப்ளைடு மேத்ஸ் மட்டுமே இருக்கிறதாம். 041 வேண்டுமென்றால் அறிவியல் அல்லது வணிகவியல் பிரிவில் சேர வேண்டும். வணிகவியல் பிரிவில் பொருளியலும் 041ம் எடுத்துக்கொண்டு, அரசியல் அறிவியலை ஆறாவது பாடமாகப் பள்ளி நேரத்துக்குப் பிறகு படிக்க அனுமதிப்போம் என்கிறார்கள். வரலாறு கிடைக்காது, அதற்குப் பதிலாகக் கணக்குப்பதிவியலும் வணிகக் கல்வியும். மகளுக்கு அதில் வருத்தம் இருக்கிறது, ஆனால் மறுக்கவில்லை. அவள் அப்பா உயிரியலை விட்டுவிடச் சம்மதித்துவிட்டார். இயற்பியலை விடுவதற்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது, சகோதரி. என் கருத்தும் மாறவில்லை. பதினொன்றாம் வகுப்பின் முதல் சில வாரங்கள் அறிவியல் பிரிவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு மாறிக்கொள்ளப் பள்ளி இடம் தருமா என்று கேளுங்கள். அந்தத் திசையில் மாறுவது எளிது, எதிர்த்திசையில் கடினம்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

மாறலாம் என்று பள்ளி சொன்னால், எந்தத் தேதி வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே மாணவர் பெயரும் பாடக் குறியீடுகளும் வாரியத்தில் பதிவாகிவிடும். அதன் பிறகு பாடத்தை மாற்ற வாரியத்தின் அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும், பதிவுப் படிவத்தின் நகலை வாங்கிக் கணிதத்துக்கு எதிரே 041 என்று இருக்கிறதா என நீங்களே பார்த்துவிடுங்கள். ஆறாவது பாடத்துக்கு யார் வகுப்பெடுப்பார், வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்; சில பள்ளிகளில் அனுமதி மட்டும் கிடைக்கும், ஆசிரியர் கிடைக்கமாட்டார்.