அரசுப் பள்ளியில் மனநலக் கேள்வித்தாள்: ஒரே பீரியடில் முடிக்கலாமா?

கேள்வி (பள்ளிப்பொறுப்பு):
9, 10-ஆம் வகுப்புகளில் மொத்தம் 200 பேர். எஸ்டிக்யூ (பிள்ளைகளின் மனம், நடத்தை பற்றிய கேள்வித்தாள்) கொடுப்பதா, பிஎச்க்யூ-ஏ (வளரிளம் பிள்ளைகளுக்கான மனச்சோர்வுக் கேள்வித்தாள்) கொடுப்பதா? எல்லோருக்கும் ஒரே நாளில் நடத்திவிடலாமா? மதிப்பெண் கூட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

கருவிழி:
சார், கடைசிக் கேள்விக்கு முதலில் விடை தேடுங்கள். 200 பேரில் 20 பேருக்கு உண்மையிலேயே பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். தாள் அதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் 16 பேர். பிரச்சினை இல்லாத 180 பேரில் 10 சதவீதத்தைத் தவறாகக் காட்டினாலே இன்னும் 18 பேர். ஆக 34 பிள்ளைகளிடம் தனியாகப் பேச வேண்டும். ஆளுக்கு 20 நிமிடம் என்றாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் வாரம் ஒரு பிரிவு, 40 பேர் போதும். பேச ஆள் இல்லாவிட்டால் தாளே கொடுக்காதீர்கள்.

பிஎச்க்யூ-ஏ மனச்சோர்வை மட்டும் பார்க்கும்: 9 கேள்வி, 0 முதல் 27 வரை, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். எஸ்டிக்யூவில் 25 வாக்கியங்கள். நடத்தை, துறுதுறுப்பு, நட்புச் சிக்கல்களும் வரும். தமிழ் வடிவம் இருக்கிறது, சொற்களை மாற்றக் கூடாது. 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் தலைகீழ்: 'முற்றிலும் சரி' என்றால் 2 அல்ல, 0. இதை மறந்தால், ஐந்துக்கும் 'முற்றிலும் சரி' போட்ட நல்ல பிள்ளைக்குச் சும்மா 10 மதிப்பெண் ஏறிவிடும்.

தேன்மொழி_ஆலோசகர்:
ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்று எல்லோரும் 0 போட்டுவிடுவார்கள். பெஞ்சுக்கு ஒருவர் போதும். பிஎச்க்யூ-ஏ கேட்பது கடந்த இரண்டு வாரத்தை. காலாண்டுத் தேர்வை ஒட்டி வைத்தால் மதிப்பெண் வீங்கும். தூக்கம், களைப்பு, பசி என்ற மூன்று கேள்விகளிலேயே 9 வரலாம். ரத்தசோகை உள்ள பெண் பிள்ளைக்கும் அப்படி வரலாம். ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிஎச்க்யூ-ஏவின் ஒன்பதாவது கேள்வி சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணத்தைக் கேட்கும். அதில் 0 தவிர எது இருந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல், அன்றே பேசுங்கள். அதனால் தாளை முதல் பீரியடில் வைத்து, மதியத்துக்குள் படித்துவிட வேண்டும். கடைசி பீரியடில் வைத்து பீரோவில் பூட்டிவிட்டுப் போவது ஆபத்து. 'சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சியா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பெற்றோர் நேரில் வந்து அழைத்துப் போகட்டும். எலி பேஸ்ட், பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். 14416 (டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண்) 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பள்ளிப்பொறுப்பு:
பெயர் எழுதாமல் வாங்கினால் பிள்ளைகள் மனம் திறப்பார்களே, மேடம்?

தேன்மொழி_ஆலோசகர்:
திறப்பார்கள், ஆனால் யாருக்கு உதவி வேண்டும் என்று தெரியாது. தாளில் குறியீட்டு எண் போடுங்கள். பெயர்ப் பட்டியல் தலைமையாசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். ஆசிரியர் வாட்ஸப் குழுவுக்குப் போகவே கூடாது. 'யாரிடமும் சொல்லமாட்டோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்: பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவுப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதைப் பெற்றோர் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கடிதம் திரும்பி வராத பிள்ளைக்குத் தாள் கொடுக்க வேண்டாம்.