பிக்அப் வண்டிக்கு 60 கிலோமீட்டர் வேக வரம்பு: டீசல் மிஞ்சுமா, நேரம்தான் வீணாகுமா?

பீன்யா உரிமையாளர்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இயந்திர உதிரிகளை ஏற்றிச் சென்று, திரும்பும்போது தக்காளி, மாம்பழம், பூ என்று கிடைக்கும் சரக்கை ஏற்றி வரும் மூன்று டீசல் பிக்அப் வண்டிகளை நடத்துகிறேன். மூன்றும் இரண்டரை லிட்டர் என்ஜின் கொண்டவை. ஒன்றரை டன் வரை ஏற்றலாம். வண்டியும் ஒன்றே, தடமும் ஒன்றே. இருந்தும் ஒரு வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிறது, இன்னொன்று 11ஐத் தாண்ட மறுக்கிறது. வாடகை உயரவே இல்லை. டீசல் செலவுதான் லாபம் முழுவதையும் தின்கிறது.

ஆகவே அடுத்த மாதம் முதல் சில விதிகளைக் கொண்டுவர எண்ணியுள்ளேன். நெடுஞ்சாலையில் 60க்கு மேல் போகக் கூடாது. கேபின் உயரத்தைத் தாண்டிச் சுமை அடுக்கக் கூடாது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டக் கூடாது. மைலேஜ் குறையும் வண்டியின் ஓட்டுநருக்குப் பேட்டாவில் (தினப்படியில்) பிடித்தம் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் இவை சரிதானா என்று சொல்ல வேண்டும்.

ஓசூர் ஓட்டுநர்:

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் முதல் விதியையும் கடைசி விதியையும் நான் முற்றாக மறுக்கிறேன்.

நான் ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சாமந்தியும் ரோஜாவும் ஏற்றி, விடிவதற்குள் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் இறக்குகிற வேலையைச் செய்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 80இல் வந்தால் ஒரு மணி எட்டு நிமிடம். 60இல் வந்தால் ஒன்றரை மணி. இடையில் உள்ள 22 நிமிடம் உங்களுக்குச் சிறியதாகத் தோன்றலாம். பூவுக்கு அது சிறியது அல்ல. சில்லறை வியாபாரிகள் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு சந்தைக்குள் நுழையும் மூட்டைக்குக் கேட்ட விலை கிடைக்காது. அதோடு, விடிந்த பிறகு பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலையில் மிச்சம் பிடித்த டீசலெல்லாம் அந்த ஒரே இடத்தில் கரைந்துபோகும். காலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்கு நகருக்குள் இருக்கும் கட்டுப்பாடும் குறுக்கே வந்து நிற்கும். நான்கு வழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு 2018ஆம் ஆண்டின் மத்திய அறிவிக்கையே 80 வரை அனுமதிக்கிறது. சட்டம் தரும் வேகத்தை உரிமையாளர் ஏன் பறிக்க வேண்டும்?

நியூட்ரல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட, மெல்லிய இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் வண்டி வெகுதூரம் உருண்டு போவதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். டீசல் மிஞ்சாது என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

ஜாலஹள்ளி ஆசிரியர்:

நான் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு என்ஜின் பாடம் நடத்துகிறவன். இருவர் வாதத்தையும் எண்களில் வைத்துப் பார்த்தால்தான் எது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சுமையோடு மூன்று டன் எடையுள்ள பிக்அப் சமதரையில் ஓடும்போது அதை இரண்டு தடைகள் பிடித்து இழுக்கின்றன. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் தடை. இது ஏறத்தாழ 300 நியூட்டன் (விசையின் அலகு), வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது; வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். பிக்அப்பின் பெட்டி போன்ற முகப்புக்கு 60இல் அது சுமார் 270 நியூட்டன், 80இல் சுமார் 475 நியூட்டன். அதாவது 60இல் இரண்டு தடைகளும் ஏறக்குறைய சமம். அதற்கு மேல் போகப் போக சக்கரத்துக்கு வரும் ஆற்றலில் பெரும்பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. 90 கிலோமீட்டருக்கு இந்த வேறுபாட்டைக் கூட்டினால், ஒரு லிட்டர் டீசலில் உள்ள 36 மெகாஜூல் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே சக்கரத்துக்கு வந்து சேரும் என்று கொண்டாலும், ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. மெதுவாக ஓடும்போது என்ஜினின் திறன் சிறிது குறையும் என்பதால், ஒரு லிட்டருக்குச் சற்று மேல் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வது நியாயம்.

நகருக்குள் கதை வேறு. நின்ற வண்டியை 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, மூன்று டன்னுக்குச் சுமார் 17 மில்லிலிட்டர் டீசல் ஆகிறது. அடுத்த சிக்னலில் பிரேக் மிதித்ததும் அந்த வேகம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகப் போய்விடுகிறது. அறுபது முறை நின்று எழுந்தால் ஒரு லிட்டர் போச்சு. எனவே நகரில் 60 வரம்பு எந்தப் பயனும் தராது. பிரேக் மிதிக்கும் தடவைகளைக் குறைப்பதே பயன் தரும். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டவுடன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருண்டு வந்து, விளக்கு மாறும் நேரத்துக்குச் சந்திப்பை அடையும் ஓட்டுநர் உங்கள் விதிப்புத்தகம் முழுவதையும் விட அதிகமாக மிச்சம் பிடிப்பார்.

நியூட்ரலைப் பற்றி நண்பர் சொன்னதில் ஓர் உண்மை உள்ளது. அதை மறைக்க விரும்பவில்லை. கியரில் விட்டால் என்ஜின் வண்டியைச் சற்று இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்த இழுப்பு இல்லை என்பதால் மெல்லிய சரிவில் வண்டி கூடுதலாக உருளும். ஆனால் நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்க, மணிக்கு அரை லிட்டருக்கும் மேலாக டீசல் போய்க்கொண்டே இருக்கிறது. கியரிலேயே விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், கணினி வழியே டீசல் செலுத்தும் இக்கால காமன் ரெயில் என்ஜினில் அந்தக் கணினி டீசலை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. சக்கரமே என்ஜினைச் சுழற்றுகிறது. ஆகவே செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் போடுவது டீசலையும் இழந்து பாதுகாப்பையும் இழப்பது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்று இந்தத் தடத்தில் ஓடும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. சிலர் என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள்; பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் பம்ப் அதோடு நின்றுவிடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இந்த விதியில் மட்டும் உரிமையாளர் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஓசூர் ஓட்டுநர்:

ஆசிரியர் ஐயா தெளிவாக எழுதியதற்கு நன்றி. செங்குத்து இறக்கத்தில் நியூட்ரல் கூடாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் எண்களே என் பக்கம் பேசுகின்றன என்பதைப் பாருங்கள். 22 நிமிடம் தாமதித்தால் ஒரு லிட்டர் மிஞ்சுகிறது. அதன் மதிப்பு ஏறத்தாழ 90 ரூபாய். அந்தத் தாமதத்தால் எலக்ட்ரானிக் சிட்டி முதல் மார்க்கெட் வரை நெரிசலில் ஊர்ந்து, அறுபது முறை நின்று எழுந்தால் அதே லிட்டர் போய்விடுகிறது. சரக்கின் விலை வீழ்ச்சி தனி. ‘முன்னதாகவே கிளம்பு’ என்று எளிதாகச் சொல்லலாம். பறிப்பதும் கட்டுவதும் தோட்டத்துக்காரர் கையில். ஓட்டுநர் கையில் இருப்பது சாலை மட்டுமே.

கலாசிப்பாளையம் பட்டறை:

வேகத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக விவாதிக்கிறீர்கள். முதல் கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை. ஒரே தடத்தில் ஒரு வண்டி 13, இன்னொன்று 11. இந்த வேறுபாட்டை ஓட்டுநரின் காலில் மட்டும் தேடுவது அநியாயம். வண்டியைத் திறந்து பார்க்காமல் பேட்டாவில் கை வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் பட்டறைக்கு வரும் பிக்அப்களில் நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட். என்ஜின் சூடாகிறது என்று ஏதோ ஒரு ஊரில் ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்திருப்பார்; வண்டி சூடாகாது, உரிமையாளருக்கும் மகிழ்ச்சி. தெர்மோஸ்டாட் என்பது நீர் 80 டிகிரியை ஒட்டி வரும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் வால்வு. அது இல்லாவிட்டால், பெங்களூரின் குளிர்ந்த விடியலில், வண்டி முழுப் பயணத்தையும் அரைச்சூட்டிலேயே ஓடி முடிக்கும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், எரிப்பு சரியாக அமையாது, சிலிண்டர் தேய்மானமும் கூடும். வெப்ப முள் நடுவுக்கு வராத வண்டியின் மைலேஜைப் பற்றிப் பேசுவதே வீண்.

அடுத்தது பிரேக். நீண்ட ஓட்டம் முடித்து நிறுத்தியவுடன் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அதிகமாகக் கொதிக்கும். அங்கே பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் ஏற்றத்தில் கரும்புகையும் இழுவைக் குறைவும் ஒன்றாக வரும். ஓட்டுநர் பாவம், காலை இன்னும் அழுத்துவார். ஏர் ஃபில்டர் அடைத்தாலும் அப்படியே. டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவின்படி, சுமைக்குத் தக்கபடி வைக்க வேண்டும். பின் டயருக்கும் முன் டயருக்கும் ஒரே அளவு அடிக்கும் பழக்கம் தவறு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டி என்றால் கூடுதலாக ஒன்று. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தும். எப்போதும் பீன்யாவுக்குள்ளேயே சிறு சிறு ஓட்டம் ஓடும் வண்டியில் இந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று, மறுபடி மறுபடி தொடங்கும். மூன்று வண்டிகளையும் நெடுஞ்சாலைக்கும் நகருக்கும் மாற்றி மாற்றி அனுப்பினால் அந்தச் சுமை எந்த ஒரு வண்டியின் மேலும் விழாது.

பீன்யா உரிமையாளர்:

அண்ணன் சொன்ன வெப்ப முள் விஷயம் எனக்குப் புதிது. நாளைக்கே பார்க்கச் சொல்கிறேன். எனினும் எல்லாக் குறையையும் வண்டியின் மேல் போடுவதை நான் ஏற்கவில்லை. காலித் தக்காளிக் கிரேட்டுகளைக் கேபினுக்கு மேல் இரண்டு மூன்று அடி அடுக்கி, அதே வண்டியை 80இல் விரட்டுவதை நானே பின்னால் வந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பட்டறை என்ன செய்யும்? இன்னொரு கேள்வி: ஜே.சி. சாலையில் டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்று விற்கிறார்கள். பின் கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும் என்றும் ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். இவற்றில் பயன் உண்டா?

ஜாலஹள்ளி ஆசிரியர்:

காந்தத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து, மிகச் சிலவற்றிலேயே சிறு பயன் கண்டது. பின் கதவை மூடியே வையுங்கள். பின் கதவு மூடிய சரக்குத் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி, மேலே ஓடும் காற்றை வழுக்கிச் செல்ல விடுகிறது. திறந்து விட்டால் அந்தச் சுழல் கலைந்துவிடும்.

கிரேட் பற்றி நீங்கள் சொன்னது மிக முக்கியமானது. காலிக் கிரேட்டுக்கு எடை இல்லை என்பதால் ஓட்டுநர்கள் அதைச் சுமையாகவே எண்ணுவதில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் எடையை விட உயரமே டீசலைக் குடிக்கிறது. முகப்பின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடினால் காற்றுத் தடையும் குறைந்தது அதே அளவு கூடும். 60இல் ஓடினாலும் அந்த இழப்பு உண்டு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிரேட்டுகளை வாங்குங்கள். தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், படபடக்கும் தார்ப்பாய் தனியொரு தடை.

பேட்டா விஷயத்தில் ஓட்டுநர் பக்கம் நிற்கிறேன். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ளது. கிருஷ்ணகிரி அதை விடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. மூன்று டன்னை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். போகும்போது காலியாகவும் வரும்போது நிறைசுமையோடும் ஓடியவரை, போகும்போது சுமை ஏற்றி வரும்போது காலியாக வந்தவரோடு ஒப்பிட்டுப் பிடித்தம் செய்தால் அது தண்டனை, கணக்கு அல்ல. போக வரச் சேர்த்து, அதே பம்பில் டேங்க் நிரப்பி, சுமையைக் குறித்து, ஓட்டுநர்களை வண்டி மாற்றி ஓட்டச் சொல்லிப் பாருங்கள். குறை வண்டியைப் பின்தொடர்கிறதா, ஆளைப் பின்தொடர்கிறதா என்பது அப்போது வெளிப்படும்.

பீன்யா உரிமையாளர்:

பிடித்தத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். மிஞ்சும் டீசலில் ஒரு பங்கை ஓட்டுநருக்கே தருவது பற்றி யோசிக்கிறேன். ஆனால் 60 வரம்பை விட மாட்டேன். பூ ஏற்றிய இரவு ஓட்டத்துக்கு மட்டும் 70 என்று தளர்த்தலாம்.

ஓசூர் ஓட்டுநர்:

உதிரி ஏற்றிப் போகும் ஓட்டத்துக்கு 60 என்றால் எனக்கு வருத்தமில்லை, அங்கே எவரும் காத்திருப்பதில்லை. பூ ஓட்டத்துக்கு 70 என்பதை இன்னும் ஏற்கவில்லை. தோட்டத்தில் கட்டு முடிய நள்ளிரவு தாண்டிய நாளில் அது போதாது. அத்தகைய நாளில் எந்த நேரத்துக்குள் மார்க்கெட்டை அடைய வேண்டும் என்பதை உரிமையாளரே வியாபாரியிடம் பேசி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். வேகத்தை அந்த நேரத்தைப் பார்த்து, 80க்குள், நாங்கள் முடிவு செய்கிறோம். கிரேட் உயரத்தையும் தார்ப்பாயையும் நாளை முதலே பார்த்துக்கொள்கிறோம்.