கோல்ட்கட்டின் ‘70 மினிட்ஸ் ஆஃப் மேட்னஸ்’: பழைய கேசட்டை மறுபடி போட்டவர்கள் இருக்கிறீர்களா?

இரவு_ஷிப்ட்
கோல்ட்கட் என்ற பிரிட்டன் இரட்டையர் பலருடைய பாட்டுகளையும் பேச்சுகளையும் வெட்டிக் கோத்துச் செய்த மிக்ஸ், ஜர்னீஸ் பை டிஜே வரிசையில் 1995இல் வந்ததே, அதேதான். என்னிடம் இருப்பது சிடியிலிருந்து ஒரு நண்பர் பதிந்து கொடுத்த சி-90, அதாவது 90 நிமிடக் கேசட். பரணில் கிடந்தது, போன வாரம் போட்டேன். ‘டாக்டர் ஹூ’ டிவி தொடரின் தீம் இசை வரும் இடத்தில் மகன் எட்டிப்பார்த்து, “இது எந்த சாஃப்ட்வேர்ப்பா?” என்றான். 1963இல் பிபிசியில் டெலியா டெர்பிஷைர் ஒவ்வொரு சுரத்தையும் டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி ஒட்டிச் செய்தது என்றேன். நம்பவே இல்லை. கையால் டேப்பை வெட்டி ஒட்டியதை கோல்ட்கட் இன்னொரு தரம் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அது திரும்பவும் ஒரு டேப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்து இதே நினைப்புதான். இவ்வளவு செய்தவர்கள் பெயரை ஏன் யாருமே சொல்வதில்லை?

தட்டும்_ஊசியும்
யாருமே சொல்வதில்லையா? சிறந்த மிக்ஸ் பட்டியல் எதை எடுத்தாலும் இந்த ஒன்று இருக்கும். நிஞ்ஜா ட்யூன் அவர்கள் 1990இல் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம்தானே? வீட்டில் கேட்காத பெயரெல்லாம் உலகம் மறந்த பெயர் ஆகிவிடாது.

இரவு_ஷிப்ட்
மிக்ஸைத் தெரியும், சரி. ஆளைத் தெரியுமா? 1988இல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த ‘தி ஒன்லி வே இஸ் அப்’ யாஸ் பாடியது என்று எல்லோரும் சொல்வார்கள். தயாரித்தது கோல்ட்கட்டின் மாட் பிளாக்கும் ஜொனதன் மோரும் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? ‘பெய்ட் இன் ஃபுல்’ பாட்டை ஓஃப்ரா ஹாசாவின் குரலோடு கோத்த 1987 ரீமிக்ஸும் இவர்களுடையதுதான். கேட்பவர்கள் அந்தப் பாட்டின் ராப் ஜோடி எரிக் பி, ராக்கிம் என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

கடைசிப்_பஸ்
நான் லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்த காலம். கிஸ் எஃப்எம் ரேடியோவில் இவர்களுடைய ‘சொலிட் ஸ்டீல்’ நிகழ்ச்சி போகும், அதனால் பெயர் தெரியும். கூட வேலை செய்த பெடியன் ஒருநாள் இந்தக் கசெட்டைக் கொண்டுவந்து போட்டான். நல்ல தாளம், நானும் சில்லறை எண்ணிக்கொண்டே தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். திடீரென்று ஒரு அறிவிப்பு. உரிமைகள் எல்லாம் நிறுத்தப்பட்டுவிட்டன, வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்கிற மாதிரி. அமெரிக்க பங்க் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் நக்கல் பேச்சு அது என்று பிறகுதான் தெரியும். பெடியன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் கை கல்லாவிலேயே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் ரேடியோவில் ஊரடங்கு அறிவிப்பு கேட்டு வளர்ந்தவனுக்கு அதில் என்ன சிரிப்பு? போன மாதம் இணையத்தில் முழுதாகத் திரும்பக் கேட்டேன். அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்தும் வயிற்றைப் பிசைந்தது.

ஃபெரிக்_ஆக்சைடு
அண்ணை, அது அமெரிக்க அரசைக் கிண்டல் செய்வது. ஒரு நடன மிக்ஸை இவ்வளவு பாரமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து. என் கதை சின்னது: கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டேன், ஒலி மந்தமாக இருந்தது. சரிசெய்தேன். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், பரணிலிருந்து எடுத்ததும் பிளேயரில் திணிக்காதீர்கள். ஒருநாள் அறையில் வையுங்கள். முதலில் டேப்புக்குப் பின்னால், செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால், பிளேயரில் ஒலியைப் படிக்கும் ஹெட்டில் டேப் ஒழுங்காக அழுந்தாது, ஒலி வந்து வந்து போகும். அப்புறம் முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே ஓட்டுங்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், சென்ட் பாட்டிலை எடுக்காதீர்கள். இன்னும் மந்தமாக இருந்தால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை என்று அர்த்தம். பக்கத்திலிருக்கும் சிறிய திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மோனோவில் கேட்டு, சிம்பல் ஒலி எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே விடுங்கள். குரோம் வகை டேப் என்றால் பிளேயரில் அதற்குரிய 70 மைக்ரோசெகண்ட் அமைப்பை வையுங்கள். டால்பி (இரைச்சலைக் குறைக்கும் முறை) போட்டுப் பதிந்ததா என்று அட்டையில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றுவதானால் 24 பிட்டில் ஏற்றுங்கள்.

கடைசிப்_பஸ்
தம்பி, என்னிடம் கசெட்டே இல்லை. அது அந்தப் பெடியனுடையது.

தட்டும்_ஊசியும்
கிண்டலென்றால் பாரமாக இருக்கக்கூடாது என்று யார் சொன்னது? அந்த அறிவிப்பை ஆடும் தாளங்களுக்கு நடுவே கொண்டுவந்து வைத்ததே கேட்பவர் ஒரு நொடி திடுக்கிட வேண்டும் என்றுதான். அண்ணைக்கு வேலை செய்திருக்கிறது. சிரித்த பெடியனுக்குத்தான் பாதி போய்விட்டது.

ஃபெரிக்_ஆக்சைடு
நான் சொன்னது அதில்லை. சரி விடுங்கள். இரவு_ஷிப்ட், உங்கள் டேப் குரோமா, சாதாரணமா?

இரவு_ஷிப்ட்
அட்டையைக் காணோம். மகன் எடுத்துக்கொண்டு போய் டெர்பிஷைர் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்ததும் சொல்கிறேன்.